அமெரிக்கச் சட்டையும் மதராஸ் கட்டமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பண்டிகை முடிந்து வீட்டுச் செலவுக் கணக்கைப் புரட்டும் குடும்பத் தலைவர்களோ அந்தப் பழமொழியைச் சிறிது திருத்தி, "ஆள் கால், ஆடை முக்கால்" என்று பெருமூச்சு விடுகிறார்கள். அதிலும், கல்லூரியில் படிக்கிற பிள்ளையோ, புதிதாக உத்தியோகத்தில் அமர்ந்த பிள்ளையோ வீட்டில் இருந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை.

அரியலூர் ஜில்லாவில், ஆண்டிமடத்துக்கு அருகே, முந்திரி விளையும் செம்மண் பூமியில் இருக்கிறது வரதராஜன்பேட்டை. அலங்கார அன்னை ஆலயத்தினால் பெயர் பெற்ற சிறு பேரூர். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கும் திருவிழாவுக்கும் நல்ல உடை உடுத்திச் செல்ல வேண்டும் என்பது அங்குள்ள குடும்பங்களில் வழிவழியாக வந்த வழக்கம். அத்தகைய ஊரிலும் இன்றைய வாலிபர்களின் ஆசை அமெரிக்கா வரையில் போயிருக்கிறது. போகட்டும், ஆசை போவதற்குக் கப்பற் கூலி கிடையாது. சட்டை வருவதற்குத்தான் கூலி உண்டு. ஆகவே, அமெரிக்க பாணி உடையை ஆசைப்படும் பிள்ளைக்கு, வீட்டு வரும்படிக்கு உட்பட்டு எப்படி வாங்கிக் கொடுப்பது, புதியதை வாங்குவதா, பழையதை வாங்குவதா என்னும் கேள்வியை நாம் இங்கே ஆராயப் புகுகிறோம்.

அந்த உடை எது?

அமெரிக்க உடை என்றதும் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸை நினைத்துப் பெற்றோர்கள் அஞ்ச வேண்டாம். நாம் சொல்வது அந்நாட்டின் பழைய சர்வகலாசாலை மாணவர்கள் அணிந்து, பிறகு உலகமே மெச்சிய நிதானமான உடை. காலர் நுனியில் பட்டன் வைத்த ஆக்ஸ்போர்டு துணிச் சட்டை, காக்கி நிறக் கால்சட்டை, கோடைக்கு மெல்லிய கட்டம் போட்ட பருத்திக் கோட்டு, தோல் பூட்ஸ். அவ்வளவுதான். இவற்றில் ஜரிகையும் இல்லை, ஜம்பமும் இல்லை. இருபது வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். அறுபது வயதுத் தாத்தாவுக்கும் பொருந்தும். நாகரிகம் மாறினாலும் இவை மாறுவதில்லை. சிக்கனக்காரர்களுக்கு இதைவிட உகந்த குணம் வேறென்ன வேண்டும்?

நியூயார்க் நகரில் 1818-ஆம் வருஷத்தில் தொடங்கிய ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் கடைதான் இந்த உடைக்கு மூல ஸ்தானம். இங்கிலாந்தில் போலோ ஆடுகிறவர்கள், காலர் காற்றில் பறந்து முகத்தில் அடிக்காமல் இருப்பதற்காக அதைப் பட்டனால் பிணைத்திருந்ததை அக்கடையைச் சேர்ந்தவர் ஒருவர் கண்டார். சுமார் 1896-ல் அந்தக் காலர் அமெரிக்கச் சட்டையில் ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

ஆனால் இந்த உடைகளின் பெயர்களைச் சற்றே உரசிப் பார்த்தால், உள்ளே தெரிகிற நிறம் நம்முடையது. 'காக்கி' என்பது புழுதி என்று பொருள்படும் பாரசீக, ஹிந்துஸ்தானி வார்த்தை; 1846-ல் பெஷாவரில் திரட்டப்பட்ட படை ஒன்று தன் வெள்ளை உடுப்பைப் புழுதி நிறமாக்கிக் கொண்டதிலிருந்து அது உலகச் சேனைகளுக்கெல்லாம் பரவியது. உழைப்பாளிகள் அணியும் 'டங்கரி' என்னும் முரட்டுத் துணியின் பெயர், பம்பாயின் டோங்ரி பகுதியிலிருந்து போனது. கோடைக் கோட்டுக்குரிய 'சீர்ஸக்கர்' என்னும் சுருக்கத் துணியின் பெயர், 'பாலும் சர்க்கரையும்' என்று அர்த்தமாகும் சொற்றொடரின் திரிபு. வழுவழுப்பான கோடும் சொரசொரப்பான கோடும் மாறிமாறி வருவதால் அந்த ருசிகரமான பெயர். கட்டம் போட்ட துணிக்கோ பெயரை உரசிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. அதை அமெரிக்கர்கள் 'மதராஸ்' என்றே அழைக்கிறார்கள்!

சாயம் போன கதை

மதராஸுக்கும் அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கும் சம்பந்தம் மிகப் பழையது. பாஸ்டன் நகரில் பிறந்த எலிஹூ யேல் என்பவர் 1687 முதல் 1692 வரையில் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தார். சொந்த வியாபாரத்தில் கம்பெனியின் நலனை மறந்தார் என்ற புகாரின் பேரில் பதவியிழந்தார். இருந்தாலும் பணம் சேர்த்துக் கொண்டுதான் போனார். 1718-ல் அமெரிக்காவில் கஷ்டத்திலிருந்த ஒரு கலாசாலைக்கு 417 புத்தகங்களும், ஜார்ஜ் மன்னரின் படமும், ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பி வைத்தார். சரக்கில் பெரும்பாலானவை துணிகள். அவற்றை விற்ற பணத்தில் கட்டிடம் எழும்பியது. கலாசாலைக்கு யேல் என்று பெயரும் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நடந்த கதை இன்னும் ரஸமானது. பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கண்ணூர்க்காரரான கிருஷ்ணன் நாயர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதி செய்து வந்தார். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, கெஜம் ஒரு டாலர் விலையில் அவரிடம் மதராஸ் கட்டத் துணி வாங்கிப் போனார். தாவரச் சாயமிட்ட துணி அது. குளிர்ந்த நீரில், தனியாக, மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்து அனுப்பினார். ஜேக்கப்சன் அதைப் பத்தாயிரம் கெஜம் ப்ரூக்ஸ் பிரதர்ஸுக்கு விற்றார். எச்சரிக்கையை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர்கள் வழக்கம்போல் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சிவப்பு நீலத்துக்குள் பாய்ந்தது. நீலம் மஞ்சளோடு கலந்தது. வழக்குத் தொடுக்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. கடைசியில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று நாயரைப் பேட்டி கண்டு எழுதியது. துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று அந்தச் சாயத்தையே புகழ்ந்தது. சாயம் போவது உத்தரவாதம் என்று விளம்பரமும் செய்தார்கள். குற்றம் குணமாயிற்று; துணி பறந்து விற்றது. நாயர் பின்னாளில் பலமுறை சொல்லிப் பிரசித்தமான வரலாறு இது.

இக்கதையில் சிரிப்புக்கு அடியில் ஒரு பாடம் இருக்கிறது. உடையை வாங்கும்போது அதன் பெயரை மட்டும் வாங்கி, அதன் இயல்பைத் தெரிந்து கொள்ளாமல் வந்தால் நஷ்டம் நமக்குத்தான். புதியதானாலும் சரி, பழையதானாலும் சரி, இந்த விதி மாறாது.

புதியது வாங்கினால்

புதிய உடையை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காலருக்குள் தைத்திருக்கும் சீட்டைப் பார்க்கிறார்கள். அமெரிக்கப் பெயர் அமெரிக்க வேலைப்பாட்டுக்கு அத்தாட்சி என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இப்போது ஆதாரம் குறைவு. உயர்ந்த ஜீன்ஸ் துணி நெய்த கிரீன்ஸ்பரோ நகரத்து ஒயிட் ஓக் ஆலை 2017-ஆம் வருஷக் கடைசியில் மூடப்பட்டது. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் 2020-ல் கடன் தாளாமல் நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கோரியது. வட கரோலினாவில் அதற்குச் சொந்தமாயிருந்த சட்டைத் தொழிற்சாலையும் அவ்வருஷமே மூடப்பட்டது. பெயர் அங்கே, தையல் வேறெங்கோ. நம் திருப்பூரிலிருந்து போன பனியன் துணிச் சட்டையே கடல் தாண்டிப் பெயர் சூட்டிக் கொண்டு, பத்து மடங்கு விலையில் நமக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே சீட்டைப் பார்க்கும் கண், துணியையும் தையலையும் பார்க்கட்டும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நெருக்கமான நெசவு சீராகத் தெரியும். மட்டமான துணி சல்லடை போல் தெரியும். ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நெருக்கமாய் விழுந்தால் உழைக்கும். சட்டைப் பையின் கட்டமும் அதன் பின்னுள்ள மார்புக் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்தினால், தைத்தவர் மனம் வைத்துத் தைத்திருக்கிறார் என்று அர்த்தம். காஜாவில் பிசிறு இருந்தால் மாசம் ஒன்றுக்குள் நூல் தொங்கும்.

பணம் குறைவாயுள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஏற்றுமதிக்கென்று தைத்து, சிறு பழுதினாலோ எண்ணிக்கை மிகுந்ததாலோ தங்கிவிட்ட உடைகள் திருப்பூர்க் காதர்பேட்டைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு வாங்குவது நலம். அது உள் மடிப்பிலிருந்தால் லாபம். முதுகின் நடுவிலிருந்தால் நஷ்டம்.

பழையது வாங்கினால்

பிறர் உடுத்த துணியை உடுப்பதா என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். அது இயற்கைதான். நம் தெருவில் பழைய துணி வெளியே போகும். எவர்சில்வர் பாத்திரம் உள்ளே வரும். பழைய துணியே உள்ளே வருவது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அண்ணன் சட்டை தம்பிக்கு வந்ததையும், தகப்பனார் கோட்டைச் சுருக்கி மகன் கல்யாணத்துக்குப் போட்டுக் கொண்டதையும் நாம் குறைவாக நினைத்ததில்லை. அமெரிக்கர்களோ தங்கள் பாட்டனார் காலத்து உடைகளைக் கூடுதல் விலை கொடுத்தும் தேடுகிறார்கள். அவர்களுடைய ஆலைகள் மூடிப் போனபின், அந்த ஆலைகளின் நல்ல சரக்கு பழைய பெட்டிகளில்தானே இருக்கிறது? 1960-ஐ ஒட்டிய சாயம் போகும் மதராஸ் சட்டை அவர்களிடையே பொக்கிஷம். எத்தனையோ சலவைகளில் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து கனிந்திருப்பதை இன்று புதிதாக விலை கொடுத்து வாங்க இயலாது.

நம் நாட்டில் அத்தகைய உடைகள் எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடுத்த துணிகளை இறக்குமதி செய்யச் சர்க்கார் அநுமதி தேவை. கூர்ஜரத்துக் காண்ட்லா துறைமுக மண்டலத்தில் மேனாட்டுப் பழந்துணி மூட்டை மூட்டையாக வந்திறங்கித் தரம் பிரிக்கப்படுகிறது. பெரும் பகுதி வேறு தேசங்களுக்கு மீண்டும் ஏற்றுமதியாக வேண்டியது. கிழித்துக் கந்தலாக்கி வரும் கம்பளி உடைகள் பானிபட் நகரில் நூலாகிக் கம்பளங்களாக மறுபிறவி எடுக்கின்றன. இவ்வளவையும் தாண்டிச் சந்தைக்கு வரும் சட்டை எவ்வழியாக வந்தது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கைப்பேசி மூலம் அயல்நாட்டிலிருந்து தருவித்தாலோ தபாற் கூலியும் சுங்கமும் சேர்ந்து, பழையதின் விலை புதியதைத் தாண்டிவிடும்.

இருந்தும் நல்ல பழைய உடை கைக்கு எட்டினால் விட வேண்டாம். வாங்குமுன் கவனிக்க வேண்டியவை சில. சீட்டிலுள்ள அளவை நம்பக் கூடாது. பழைய அளவு வேறு, இன்றைய அளவு வேறு. பலமுறை துவைத்ததில் துணியும் சுருங்கியிருக்கும். நமக்குச் சரியாகப் பொருந்தும் சட்டை ஒன்றை விரித்து, தோள், மார்பு, கை நீளங்களை நாடாவினால் அளந்து ஒப்பிடுவதே உத்தமம். கோட்டானால் தோள் பொருந்த வேண்டியது முக்கியம். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளைத் திருத்துவது கோட்டைப் புதிதாகத் தைப்பதற்குச் சமம். அக்குளில் கறை இருந்தால் போகாது. முழங்கையில் துணி இளைத்திருந்தால் நாளைக்குக் கிழியும். காலர் மட்டும் தேய்ந்திருந்தால் அஞ்ச வேண்டாம். அதைப் பிரித்துத் திருப்பித் தைக்கும் வித்தை நம் பழைய தையற்காரர்களுக்குக் கைவந்தது. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற நாட்டில் இதையெல்லாம் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வழி

புதியதற்கும் பழையதற்கும் நடுவே ராஜபாட்டை ஒன்று இருக்கிறது. துணியை நாமே தேர்ந்து, நம் ஊர்த் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக் கொள்வதுதான் அது. ஆயத்த ஆடை வந்தபின் நாம் மறந்துவிட்ட இந்த வழி, அமெரிக்காவில் இன்று பெருந்தனவந்தர்களின் ஆடம்பரம். வரதராஜன்பேட்டையில் நடுத்தரக் குடும்பத்துக்கும் அது கைக்கு எட்டிய காரியம். இந்த வித்தியாசத்தை நம் வாலிபர்கள் உணர வேண்டும்.

துணி எங்கே கிடைக்கும்? அமெரிக்கச் சீமான்கள் கோடைக் கோட்டாகப் போட்டுக் கொள்ளும் அந்தக் கட்டத்துக்கு உடன்பிறந்தது, நம் வீட்டுப் பெரியவர்கள் இடுப்பில் கட்டும் கைலி. 'பாளையக்காட்டுக் கைலி' என்ற பெயரே பழவேற்காட்டுத் துறைமுகத்தை நினைவூட்டுவது. வரதராஜன்பேட்டையிலிருந்து வடகிழக்கே, கடலூர் ஜில்லாவில் உள்ள குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பேர்போனது. அங்கே நெய்தவை கடல் கடந்தும் போயிருக்கின்றன. இதே வம்சத்தைச் சேர்ந்த மதராஸ் கைக்குட்டைத் துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் 'இஞ்சிரி' என்ற பெயரில் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் போற்றுகிறார்கள். ஆப்பிரிக்காவில் சடங்குக்குரியது, அமெரிக்காவில் நாகரிகம். நம் வீட்டில் மட்டும் அது பால் வாங்கப் போகும்போது கட்டுகிற துணி!

நல்ல கைத்தறிக் கைலி ஒன்று சுமார் இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். அதிலிருந்து சாதாரண உடம்புள்ளவருக்கு ஓர் அரைக்கைச் சட்டை தாராளமாக வரும். முதலில் துணியைக் குளிர்ந்த நீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, சுருங்குவதைச் சுருங்கவிட்டுப் பிறகு வெட்டக் கொடுக்க வேண்டும். முழுக்கைச் சட்டைக்கு, 36 அங்குல அகலத் துணியானால், இரண்டரை மீட்டர் வாங்கினால் போதும். கட்டங்கள் பொருந்துவதற்குக் கால் மீட்டர் கூட்டிக் கொள்ளலாம். பையும் மார்பும் கட்டம் சேர வேண்டும், காலர் நுனியில் பட்டன் வேண்டும் என்று தையற்காரரிடம் மரியாதையாகவும் விளக்கமாகவும் சொல்ல வேண்டும். வேண்டுமானால் படம் ஒன்றைக் காட்டலாம். தைத்த சட்டையின் சாயம் சிறிது போனால், 1958-ஐ நினைத்துக் கொண்டு மகிழலாம். வெள்ளை வேஷ்டியோடு மட்டும் சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.

கைலித் துணி பிடிக்காதவர்கள் 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவு ஸ்தாபனத்தின் கடைகளில் கைத்தறிச் சட்டைத் துணி வாங்கலாம். தீபாவளிக் காலத்தில் தள்ளுபடியும் கிடைக்கும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் உண்டாதலால், 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நூலில் சாயமேற்றி நெய்த கட்டமானால், உள்ளும் புறமும் ஒரே நிறமாகத் தோன்றும். அச்சிட்ட கட்டமானால் உட்புறம் வெளுத்திருக்கும்.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சிறு உதாரணம். 600 ரூபாய்ச் சட்டை பதினைந்து முறை உடுத்தியதும் நைந்துபோனால், ஒரு தடவைக்கு 40 ரூபாய். 1,500 ரூபாயில் துணி வாங்கித் தைத்த சட்டை நூறு முறை உழைத்தால், ஒரு தடவைக்கு 15 ரூபாய். விலை குறைந்தது வேறு, செலவு குறைந்தது வேறு. ஐந்து மலிவுச் சட்டைகளுக்குப் பதில் இரண்டு நல்ல சட்டைகள் இருந்தால் பணமும் மிஞ்சும். அலமாரியில் இடமும் மிஞ்சும்.

யாருக்கு லாபம்?

இது சட்டைக் கணக்கு மட்டுமல்ல. 2009-10-ல் எடுத்த கைத்தறிக் கணக்கின்படி நம் தேசத்தில் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்கள் 43 லட்சத்துக்கு மேல். 2019-20-ல் எடுத்த கணக்கில் அவர்கள் 35 லட்சத்துச் சொச்சம். பத்து வருஷத்தில் எட்டு லட்சம் பேர் தறிக்குழியை விட்டு எழுந்து போய்விட்டார்கள். வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே ஜெயங்கொண்டம் பக்கத்தில் பட்டு நெய்யும் குடும்பங்களும், வடக்கே குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் குடும்பங்களும், தங்கள் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைப்பதா, வேறு பிழைப்புக்கு அனுப்புவதா என்று யோசிக்கத்தான் செய்வார்கள். அந்த யோசனைக்கு விடை சொல்கிறவர்கள் துணி வாங்குகிற நாம்தான்.

அமெரிக்கர்கள் தங்கள் ஆலைகளை மூடவிட்டார்கள். இப்போது அந்த ஆலைத் துணிகளைப் பழைய பெட்டிகளில் தேடி, பெருவிலை கொடுக்கிறார்கள். நம்மிடம் தறியும் இருக்கிறது, நெய்யத் தெரிந்த கைகளும் இருக்கின்றன, தைக்கத் தெரிந்த தையற்காரரும் அடுத்த தெருவில் இருக்கிறார். இவையெல்லாம் போனபின், நம் பேரப் பிள்ளைகள் குறிஞ்சிப்பாடிக் கைலியைப் பழம்பொருள் விற்கும் இடங்களில் தேடி அலைய வேண்டிய நிலைமையை நாம் உண்டாக்கலாகாது.

ஆகவே, அமெரிக்க பாணியில் உடுத்த விரும்பும் வாலிபர்களை நாம் தடுக்கப் போவதில்லை. பட்டன் வைத்த காலரும் காக்கிக் கால்சட்டையும் பிள்ளைகளுக்கு அழகாகவே இருக்கும், போட்டுக் கொள்ளட்டும். நல்ல பழையது தற்செயலாகக் கிடைத்தால் தோள் பார்த்து வாங்கட்டும். புதியதானால் தையல் பார்த்து வாங்கட்டும். ஆனால் கட்டம் போட்ட சட்டைக்கு மட்டும் அமெரிக்கா வரையில் போக வேண்டாம். குறிஞ்சிப்பாடி வரையில் போய் வந்தால் போதும்.